சிகிச்சையே ஊனமாக்கினால்: அமெரிக்க முன்னாள் படைவீரருக்கு மூன்று வழிகள்

1968 ஏப்ரலில் வில்லியம் கூப்ரிக் என்ற முன்னாள் படைவீரர், தொடை எலும்பில் ஏற்பட்ட தொற்றுக்காகப் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரிலுள்ள படைவீரர் மருத்துவமனையில் சேர்ந்தார். தொற்று கண்ட இடத்தை நியோமைசின் என்ற மருந்தால் கழுவிக்கொண்டே இருந்தார்கள். தொற்று போனது. வீடு திரும்பி ஆறு வாரம் ஆன நிலையில் காதில் ரீங்காரம் தொடங்கியது, செவி மந்தமானது. அதற்கு நியோமைசின் காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று 1969 ஜனவரியில் ஒரு காது மருத்துவர் சொன்னார். கூப்ரிக் படைவீரர் நலத்துறையிடம் இழப்பீடு கேட்டார். மறுத்தார்கள். மேல்முறையீடு செய்தார். அந்த மருந்தை அப்படிக் கொடுத்திருக்கவே கூடாது என்று இன்னொரு மருத்துவர் அவரிடம் சொன்னது 1971-ல்தான். மறு ஆண்டு அரசு மீது வழக்குப் போட்டார்.

மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 3,20,536 டாலர் தரச் சொன்னது. 1979-ல் உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. காதுக்கு வந்த கேட்டையும் அதன் காரணத்தையும் 1969 ஜனவரியிலேயே அறிந்துவிட்டார். இரண்டு ஆண்டுக் கெடு அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. மருத்துவர் செய்தது தவறு என்று பிறகு தெரியவந்தது கணக்கில் சேராது என்றது நீதிமன்றம். வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நலத்துறையின் மேல்முறையீட்டு வாரியம் தன் பழைய முடிவை மாற்றிக்கொண்டு அவருக்கு மாதாந்திர இழப்பீட்டை அனுமதித்தது என்பதுதான் வேடிக்கை. அதே ஆள், அதே காது, அதே மருந்து. ஒரு கதவு திறந்தது, இன்னொன்று மூடிக்கொண்டது.

அமெரிக்கப் படையில் பணியாற்றிவிட்டு வந்து, 'வி.ஏ.' என்று எல்லோரும் அழைக்கும் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, அந்தச் சிகிச்சையாலேயே உடல் கெட்டுப்போனவர் முன்னால் இன்றும் இதே கதவுகள்தான் இருக்கின்றன. தமிழ் வாசகருக்கு இது ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மருத்துவத் திறனோ மொழித் திறனோ உள்ள வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ள அமெரிக்க ராணுவம் 2009 முதல் சில ஆண்டுகள் நடத்திய சிறப்புத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. சேர்ந்தவர்களில் பலர் இப்போது முன்னாள் படைவீரர்கள்.

முதல் வழி, படைவீரர் நலன்களுக்கான கூட்டரசுச் சட்டத் தொகுப்பின் 1151-ஆம் பிரிவு. வி.ஏ. சிகிச்சையால் வந்த கூடுதல் ஊனத்தை, பணியில் வந்த ஊனம் போலவே பாவித்து மாதாமாதம் பணம் தருவது. இரண்டாவது, கூப்ரிக் போட்டது போல அரசு மீது இழப்பீட்டு வழக்கு. 1946-ல் வந்த கூட்டரசுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. மூன்றாவது வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. பணியில் வந்த நோய்க்குச் செய்த சிகிச்சையில் இன்னொரு கேடு வந்தால், அதையும் பணியின் விளைவாகவே, இரண்டாம் நிலைப் பணித்தொடர்பாகக் கோருவது. என் கணிப்பில் முதலில் தட்டிப்பார்க்க வேண்டிய கதவு இந்த மூன்றாவதுதான்.

எந்த உறுப்புக்கு, எந்த நோய்க்குச் சிகிச்சை நடந்தது? அந்த நோய் பணித்தொடர்புள்ளது என்று வி.ஏ. ஏற்கெனவே ஒப்புக்கொண்டதா? ஆம் என்றால் மருத்துவர் தவறு செய்தாரா இல்லையா என்ற விவாதமே தேவையில்லை. பணியில் முழங்கால் போனவர் அந்த வலிக்காக ஆண்டுக்கணக்கில் வலிநிவாரணி விழுங்கி, வயிற்றில் புண் வந்திருக்கிறது என்று வையுங்கள். மாத்திரை எழுதிக்கொடுத்தவர் மிகக் கவனமானவராகவே இருந்திருக்கலாம். முழங்காலால் மாத்திரை, மாத்திரையால் புண் என்ற சங்கிலி மட்டும் போதும். முதுகுத் தண்டு அறுவைக்குப் பின் பாதம் தொங்கிப்போனாலும் இதே கணக்கு. சிகிச்சை வி.ஏ. மருத்துவமனையில் நடந்ததா, தெருமுனைத் தனியார் மருத்துவமனையில் நடந்ததா என்பதும் பொருட்டல்ல.

கிடைப்பதும் முழுமையானது. இந்த வழியில் வரும் ஊனம் சட்டத்தின் கண்ணில் அசல் பணித்தொடர்பு ஊனமே. 1151 அப்படியல்ல, அது 'போலவே' பாவிப்பது மட்டும். அந்த ஒற்றைச் சொல்லின் விலையை மனைவியும் பிள்ளைகளும் கொடுக்க நேரிடும். முழு நிரந்தர ஊனமுற்றவரின் குடும்பத்துக்கு வி.ஏ. தரும் மருத்துவக் காப்பீடும் பிள்ளைகளுக்கான கல்வி உதவியும் 1151 வழியாக மட்டும் நூறு சதவீதம் பெற்றவரின் குடும்பத்துக்குக் கிடையாது. வீட்டை மாற்றியமைக்கவும் வாகனம் வாங்கவும் தரும் மானியங்களை மட்டும் பிற்காலத்துச் சட்டத் திருத்தம் 1151-காரர்களுக்கும் நீட்டித்தது. சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை கட்டப் பணம் உண்டு, மகளின் கல்லூரிக்கு இல்லை என்பது விசித்திரமான நியாயம்தான்.

ஆனால் சிகிச்சை பெற்ற நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமே இல்லையென்றால் மூன்றாவது கதவு பூட்டுத்தான். அறுபது வயதில் வந்த பித்தப்பைக் கல்லுக்கு அறுவை செய்யும்போது குழாயை வெட்டிவிட்டார்கள் என்றால் 1151-க்குத்தான் போக வேண்டும்.

இந்தப் பிரிவின் வேர் 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தின் வாசகத்தில் மருத்துவமனையின் தவறு என்ற நிபந்தனையே நெடுங்காலம் இல்லை. துறையோ தன் விதிகளில் அதைத் தானாகச் சேர்த்து, பல்லாண்டுகள் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியது. கொரியப் போர்க் காலப் படைவீரரான ஃபிரெட் கார்டனர், முதுகு அறுவைக்குப் பின் இடது கால் பலமிழந்ததற்காக வழக்காடினார். சட்டத்தில் இல்லாததை விதியில் எழுத முடியாது என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. படைவீரர்களின் மகிழ்ச்சி மூன்று ஆண்டுகூட நீடிக்கவில்லை. நாடாளுமன்றம் தவறு என்ற நிபந்தனையைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 1997 அக்டோபர் 1 முதல் வந்த விண்ணப்பங்களுக்கெல்லாம் அதுதான் அளவுகோல்.

ஆகவே இன்று 1151-ல் காட்ட வேண்டியவை இவை. சிகிச்சைக்கு முன் இருந்த உடல்நிலையோடு ஒப்பிட்டால் கூடுதல் ஊனம் வந்திருக்க வேண்டும். அது நோயின் இயல்பான வளர்ச்சியாக இல்லாமல் சிகிச்சையால் வந்ததாக இருக்க வேண்டும். அத்தோடு கவனக்குறைவு, திறமைக்குறைவு, தவறான முடிவு போன்ற ஏதோவொரு பிழை இருக்க வேண்டும். அல்லது நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாத விளைவாக இருக்க வேண்டும். விவரம் சொல்லி ஒப்புதல் பெறாமல் செய்த சிகிச்சையும் பிழைக் கணக்கில் வரும்.

'எதிர்பார்க்க முடியாத விளைவு' என்ற இரண்டாம் பாதியைப் பலர் கவனிப்பதில்லை. யாருடைய பிழையையும் நிறுவாமல் வெல்ல 1151 விட்டுவைத்திருக்கும் சந்து அது. இங்கே துறை வழக்கமாக நீட்டுவது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை. "நரம்பு பாதிக்கப்படலாம் என்று இதிலேயே இருக்கிறதே" என்பார்கள். அச்சடித்த பொதுப் படிவத்தில் ஒரு வரி இருப்பதாலேயே விவகாரம் முடிந்துவிடாது. விவேகமுள்ள மருத்துவர் ஒருவர் உங்கள் உடல்நிலையில் அந்த விளைவை எதிர்பார்த்திருப்பாரா என்பதுதான் கேள்வி என்று 2013-ல் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கியது. படிவத்தைக் கண்டதும் மனம் தளர வேண்டியதில்லை.

சிகிச்சை என்றால் கத்தியும் ஊசியும் மட்டுமல்ல என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. வியேகாஸ் என்ற படைவீரர் 2004-ல் கலிபோர்னியாவில் உள்ள வி.ஏ. மருத்துவமனையில் நீர்ச் சிகிச்சை முடித்துக் கழிப்பறைக்குப் போனார். பிடித்து எழுந்த சுவர்க் கைப்பிடி பிய்ந்து வந்தது, விழுந்தார். கழிப்பறை விபத்து மருத்துவம் ஆகுமா என்றது துறை. சிகிச்சைக்காக வந்த இடத்தில், துறை தந்த வசதியின் பழுதால் நேர்ந்ததும் இந்தப் பிரிவில் அடங்கும் என்றது கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம். அதற்காக மருத்துவமனை வாசலில் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தாலும் பணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிகிச்சையோடு ஒரு தொடர்பு இருக்க வேண்டும்.

1151-ன் பெரிய சாதகம், விண்ணப்பிக்கக் கெடுவே இல்லை என்பது. இருபது ஆண்டு கழித்தும் கேட்கலாம். ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. கேடு நேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அந்த நாளிலிருந்தே பணம் கணக்கிடப்படும். பிந்தினால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான். காகிதங்களைத் திரட்ட நேரம் வேண்டுமென்றால் 21-0966 என்ற படிவத்தில் 'விண்ணப்பிக்கப் போகிறேன்' என்று தெரிவித்துவிட்டால் அந்தத் தேதி ஓராண்டுக்கு உங்களுக்காகக் காத்திருக்கும். ஐந்து நிமிட வேலை.

இன்னொரு சாதகம் செலவு. மருத்துவ ஆவணங்களைத் திரட்டுவதும், தேவைப்பட்டால் மருத்துவக் கருத்து வாங்குவதும் துறையின் கடமை. இரண்டு பக்கச் சான்றும் ஏறக்குறைய சமமாக நின்றால் தராசு படைவீரர் பக்கம் சாய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அமெரிக்கன் லீஜியன் போன்ற சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகவே விண்ணப்பத்தை நடத்தித் தருவார்கள். முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கறிஞரே ஆனாலும் அந்தக் கட்டத்தில் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.

நீதிமன்ற வழியில் இந்தச் சலுகைகள் எதுவும் இல்லை. நேராக வழக்கும் போட முடியாது. எஸ்.எஃப். 95 என்ற படிவத்தில், எவ்வளவு தொகை வேண்டும் என்று இலக்கத்தில் குறிப்பிட்டு, இரண்டு ஆண்டுக்குள் துறையிடம் கொடுக்க வேண்டும். தொகைக் கட்டத்தில் "நீதிமன்றம் தீர்மானிக்கட்டும்" என்று எழுதினால் கோரிக்கையே செல்லாமல் போகலாம். துறைக்கு ஆறு மாதம் அவகாசம். மறுத்துக் கடிதம் வந்தால் அடுத்த ஆறு மாதத்துக்குள் கூட்டரசு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. நடுவர் குழு (ஜூரி) கிடையாது, நீதிபதி மட்டும்தான். தவறு செய்தவரைத் தண்டிப்பதற்கென்று விதிக்கும் கூடுதல் தொகையும் கிடையாது. மருத்துவ நிபுணரின் சாட்சியத்துக்குச் செலவு உங்களுடையது. வழக்கறிஞருக்கு, வழக்குக்கு முன்பே முடிந்தால் 20 சதவீதம் வரை, வழக்கான பின் 25 சதவீதம் வரை.

இன்னொரு சிக்கல், வழக்கு நடப்பது கூட்டரசு நீதிமன்றத்தில் என்றாலும் தவறு எது, தொகை எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது சிகிச்சை நடந்த மாநிலத்தின் சட்டம். டெக்சாசில் வலிக்கும் வேதனைக்கும் மருத்துவரிடமிருந்து 2,50,000 டாலருக்கு மேல் வாங்க முடியாது என்ற உச்சவரம்பு உண்டு. கலிபோர்னியாவில் அதே 2,50,000 வரம்பு 1975 முதல் அசையாமல் இருந்தது. 2023-ல்தான் உயரத் தொடங்கியது. ஒரே தவறு, ஒரே துறை. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்திருந்தால் தொகை வேறு.

பிறகு ஏன் இந்தத் தொல்லை என்றால், இந்த வழி தருவதை மற்ற இரண்டும் தருவதில்லை. மாதாந்திர இழப்பீடு ஊன சதவீத அட்டவணைப்படி வருவது. 2025 விகிதத்தில், துணையும் பிள்ளைகளும் இல்லாதவருக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 175.51 டாலர், 100 சதவீதம் என்றால் 3,831.30 டாலர், வருமான வரி இல்லை. நீங்கள் விமானியாக ஈட்டியிருக்கக்கூடிய சம்பளத்தையோ, இழந்த தூக்கத்தையோ அந்த அட்டவணை கேட்பதில்லை. நீதிமன்றம் கேட்கும்.

இரண்டையும் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் பிடித்தம் உண்டு. வழக்கிலோ சமரசத்திலோ பெற்ற தொகை முழுவதும் கழிந்து தீரும் வரை 1151 மாதத் தொகையைத் துறை நிறுத்திவைக்கும். வழக்கறிஞருக்குப் போன பங்கும் நீங்கள் வாங்கியதாகவே கணக்கில் வரும். எடுத்துக்காட்டாக, 3,00,000 டாலருக்குச் சமரசம், வழக்கறிஞருக்கு 75,000 என்று கொள்வோம். கைக்கு வந்தது 2,25,000, கழிப்பது 3,00,000. நூறு சதவீத ஊனத்துக்கு மாதம் 3,831 என்ற கணக்கில் ஏறக்குறைய ஆறரை ஆண்டு மாதப் பணம் வராது. பத்து சதவீதக்காரருக்கோ இதே கழிவு தீர 142 ஆண்டு ஆகும். அவருக்கு 1151 இருந்தும் இல்லாதது போல.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு இது. ஊன சதவீதம் குறைவாகவும் சம்பள இழப்பு அதிகமாகவும் இருப்பவர் வழக்கை நாடுவதுதான் லாபம். மாதத் தொகை போனாலும் இழப்பு சொற்பம். நூறு சதவீதத்தை எட்டிவிட்ட, இன்னும் முப்பது நாற்பது ஆண்டு வாழப்போகிற இளைஞர், சிறிய சமரசத் தொகைக்குக் கையெழுத்திடுவதற்கு முன் பத்து முறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அவருடைய மாதத் தொகை இருபது ஆண்டில் 9 லட்சம் டாலரைத் தாண்டிவிடும்.

இந்தப் பிடித்தம் 1151 பணத்துக்கு மட்டும். மற்றப் பணித்தொடர்பு ஊனங்களுக்கு வரும் தொகையில் கை வைக்க மாட்டார்கள். இரண்டாம் நிலைப் பணித்தொடர்பை முதலில் தட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இதை நினைக்கும்போது பிரவுன் என்பவரின் வழக்கு மனதில் வருகிறது. பணியில் முழங்கால் விலகியவர். 1951-ல் வி.ஏ. செய்த இரண்டாவது அறுவையில் ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கட்டிய பழுதான இறுக்குப்பட்டியால் கால் நரம்புகள் நிரந்தரமாகச் சேதமாயின என்பது அவர் குற்றச்சாட்டு. துறை மாத இழப்பீட்டை உயர்த்தியது. அவர் வழக்கும் போட்டார். இழப்பீடு வாங்குபவர் வழக்குப் போடக் கூடாது என்ற அரசின் வாதத்தை 1954-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் ஒரே கேட்டுக்கு இரட்டைப் பணம் தரவும் நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. வாங்கிய மாதத் தொகையைத் தீர்ப்புத் தொகையில் குறைக்கச் சொல்லி அரசு கேட்கும்.

பணியில் இருக்கும்போதே ராணுவ மருத்துவமனையில் கேடு நேர்ந்தவர்களின் கதை வேறு. 1950-ஆம் ஆண்டின் ஃபெரஸ் தீர்ப்பு அவர்களுக்கு வழக்குக் கதவை அடைத்தது. அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட ஒரு வழக்கில், படைவீரரின் வயிற்றிலிருந்து எடுத்த துவாலை முப்பது அங்குல நீளம். அதில் ராணுவ மருத்துவத் துறையின் முத்திரை. அப்போதும் வழக்கில்லை என்றார்கள். 2019 இறுதியில் வந்த சட்டம் பாதுகாப்புத் துறையிடம் நேரடியாகக் கோரிக்கை வைக்க மட்டும் வழி செய்திருக்கிறது. எப்படியானாலும் அவர்களுடைய ஊனம் பணிக்காலத்திலேயே வந்தது. 1151 எதுவும் இல்லாமல் சாதாரணப் பணித்தொடர்பாகவே கோரலாம்.

இப்போது அதிகம் பேர் விழும் குழி ஒன்று. 2018-ல் இயற்றிய சட்டத்துக்குப் பின் வி.ஏ. தன் நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகளுக்கு அதிகமாக அனுப்புகிறது. பணம் கொடுப்பது வி.ஏ., கத்தி பிடிப்பது தனியார். அங்கே நேர்ந்த தவறு பொதுவாக 1151-க்குள் வராது. அரசு மீதான வழக்கிலும் வராது. வி.ஏ. கட்டடத்துக்குள்ளேயே வேலை செய்யும் மருத்துவரும் ஒப்பந்தக்காரராக இருக்கலாம். எஸ்.எஃப். 95-ஐக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, "அவர் எங்கள் ஊழியர் அல்ல" என்ற கடிதம் வரும்போது, அந்தத் தனியார் மருத்துவர் மீது வழக்குப் போட மாநிலச் சட்டம் தந்த கெடு முடிந்திருக்கலாம். கலிபோர்னியாவில் அது கேட்டைக் கண்டறிந்ததிலிருந்து ஓராண்டுதான். முதல் வாரத்திலேயே மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி, எனக்குச் சிகிச்சை செய்தவர் உங்கள் ஊழியரா என்பது. இரண்டாம் நிலைப் பணித்தொடர்புக்கு மட்டும் இந்தக் கேள்வியே எழாது.

தவறு நடந்ததைச் சில வேளை மருத்துவமனையே கூப்பிட்டுச் சொல்லும். தன் மருத்துவமனைகள் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது வி.ஏ.வின் கொள்கை. ஆர்க்கன்சாவின் ஃபாயெட்வில் வி.ஏ. மருத்துவமனையில் போதையில் பணியாற்றிய நோய்க்குறியியல் மருத்துவர் ராபர்ட் லெவி பார்த்த ஏறத்தாழ 34,000 பரிசோதனைகளைத் திரும்பப் பார்த்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள் தெரியவந்தன. 2021-ல் அவருக்கு 20 ஆண்டுச் சிறை. அப்படி ஓர் அழைப்பு உங்களுக்கு வந்தால், கெட்ட செய்தியின் அதிர்ச்சியில் தேதியைக் குறிக்க மறந்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டுக் கெடு மிகப் பிந்தினால் அன்றிலிருந்து ஓடும்; முன்பே உங்களுக்குக் காரணம் தெரியும் என்று அரசு காட்டிவிட்டால் அதற்கும் முன்பிருந்தே.

கூப்ரிக் வழக்கின் பாடம், ஒரு வழியின் முடிவு வரட்டும் என்று இன்னொன்றை நிறுத்திவைக்கக் கூடாது என்பது. வி.ஏ.வில் 1151 விண்ணப்பம் நிலுவையில் இருப்பது வழக்கின் கெடுவை ஒரு நாள்கூட நீட்டிக்காது. ஆகவே என் வரிசை இது: 21-0966 படிவத்தை முதல் நாளே அனுப்புவது, மருத்துவக் குறிப்புகள் முழுவதையும், செவிலியர் குறிப்புகள் உட்பட, கேட்டு வாங்குவது, இரண்டாம் நிலைப் பணித்தொடர்பையும் 1151-ஐயும் ஒரே விண்ணப்பத்தில், ஒன்று இல்லாவிட்டால் மற்றது என்று வைப்பது, முதல் ஆண்டு முடிவதற்குள் மருத்துவ வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் எஸ்.எஃப். 95 பற்றிக் கேட்டுவிடுவது. அவர் வேண்டாம் என்று சொன்னாலும் அந்தப் பதில் உங்களுக்கு நேரத்தோடு கிடைத்திருக்கும்.

சிகிச்சையால் இறந்தே போனவரின் மனைவியோ கணவரோ இதைப் படித்தால்: உங்களுக்கும் இந்த வழிகள் உண்டு. 1151-ன் கீழ் துணைவருக்கான மாதத் தொகை 2025 விகிதத்தில் 1,653.07 டாலர். இறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் இறந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கணக்கிடுவார்கள்.